14. கூட ஏறியவர் நோயில் போனால்

இந்தப் புத்தகத்தில் இதுவரை சொன்னதெல்லாம் பாறையைப் பற்றியது. முடிச்சு போடுவது, ஆங்கர் கட்டுவது, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடிப்பது, அதாவது பெலே. விபத்துக்கென்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. இப்படி ஒன்று எழுத வேண்டியிருக்கும் என்று தொடங்கும்போது நான் நினைக்கவில்லை. கர்நாடகத்தில் ராமநகரத்திலும் பாதாமியிலும் ஒன்பது வருடம் என் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் பாறையிலிருந்து விழவில்லை. எட்டு மாதம் ரத்தப் புற்றுநோயோடு கிடந்து, ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், விடிகாலை நாலரை மணிக்குப் போனான்.

விழுந்து இறந்தவர்களை எப்படி நினைவுகூர்வது என்று மலையேறுகிறவர்களுக்குத் தெரியும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில் துக்லா கணவாயில் கற்குவியல்கள் வரிசையாக நிற்கின்றன. கே2-வின் அடிவாரத்தில் ஒரு கற்குவியலில் சாப்பாட்டுத் தட்டில் பெயரை ஆணியால் குத்தி மாட்டியிருக்கிறார்கள். படுக்கையில் போனவனுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று எங்கள் குழுவில் பலருக்கும் குழப்பம். "அவன் மலையில சாகலையே" என்று ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

அவருக்கு நான் பதிலாகச் சொன்னது அந்தக் கே2 குவியலின் கதையைத்தான். 1953-ல் ஆர்ட் கில்கி என்ற அமெரிக்கருக்கு 7,500 மீட்டருக்கு மேலே கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அதுவும் நோய்தான். கூட இருந்தவர்கள் உச்சியை மறந்துவிட்டு அவரைத் தூக்குப்படுக்கையில் கட்டிப் புயலுக்குள் இறக்கினார்கள். ஆகஸ்ட் 10 அன்று ஒருவர் வழுக்க, கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். மேலே நின்ற பீட் ஷோனிங் ஒரு பனிக்கோடரியைப் பாறைக்குப் பின்னால் செருகி, கில்கி உட்பட ஆறு பேரையும் தாங்கிப் பிடித்தார். அன்றைக்கே சற்று நேரத்தில், சரிவில் கட்டி வைத்திருந்த இடத்திலிருந்து கில்கி காணாமல் போனார். நண்பர்கள் கீழே வந்து அவருக்காக அடுக்கியதுதான் அந்தக் குவியல். ஷோனிங் அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 2004-ல் புற்றுநோயில் இறந்தார். ஆறு பேரைப் பிடித்தவரை நோய் கொண்டுபோனது என்பதால் அந்தப் பிடி சின்னதாகிவிடுமா?

நோய் தரும் அவகாசம்

விபத்துக்கும் நோய்க்கும் பெரிய வித்தியாசம், நோயில் நாள் கிடைக்கிறது. நாங்கள் அதில் பாதியை வீணாக்கினோம். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

முதல் பிழை நோய்க்கு முன்பே நடந்தது. அவன் முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. பாறை ஏறுகிறவன் காலில் கன்றல் இல்லாத நாள் ஏது? விரல் நுனியில் பிளந்த தோல் மூன்று வாரமாக ஆறவில்லை. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்து ஏறும் சுவரில் எப்போதும் நாலு முறை ஏறுகிறவன் இரண்டாவதிலேயே உட்கார்ந்துவிட்டான். "வயசாயிருச்சு மாப்ள" என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு. நாங்களும் சிரித்தோம். இடிபடாத இடத்தில் கன்றினாலோ, ஆறவேண்டிய காயம் ஆறாவிட்டாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு நண்பரை இழுத்துக்கொண்டு போங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு.

அடுத்தது தட்டணுக்கள். கீமோ கொடுக்கும் வாரங்களில் ரத்தத் தட்டணு சரசரவென்று இறங்கும். சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியது பத்தாயிரத்துக்குக் கீழே போனால், ரத்தக் கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவார்கள். எடுத்த தட்டணுவைப் பொதுவாக ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் ஒரே நாளில் இருபது பேர் திரண்டு போய் நிற்பதில் பயனில்லை. வாரத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கொடையாளியிடம் இயந்திரம் வழியாகத் தட்டணுவை மட்டும் பிரித்து எடுப்பார்கள். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். எடை ஐம்பது கிலோவாவது இருக்க வேண்டும். மூன்று நாள் முன்னிருந்தே ஆஸ்பிரின் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்குள் பச்சை குத்தியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் விலக்கப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் முன்கையைப் பார்த்து ரத்த வங்கியில் இருந்த அக்கா முகம் மலர்ந்துபோனார். பாறை ஏறுகிறவன் கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நிற்கும், ஊசி ஒரே குத்தில் இறங்கும். நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போங்கள். பாதாமிச் சிவப்புக் கல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அவன் கேட்டான். ஏரிக்கரையிலிருந்து உள்ளங்கை அளவு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் வாசலிலேயே வாங்கி வெளியே வைத்துவிட்டார். வெள்ளணு இறங்கிக் கிடக்கும் உடம்புக்கு மண்ணிலும் புழுதியிலும் இருக்கும் பூஞ்சை ஒன்றே போதும், நிமோனியாவாகிவிடும். பல வார்டுகளில் பூங்கொத்துக்கும் இதே விதி. அந்தக் கல்லைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து காட்டினேன். "ஏல, அதுல ஒரு கிரிம்ப் இருக்கு பாரு" என்றான். கிரிம்ப் என்றால் விரல் நுனி மட்டும் பதியும் பிடி. அவன் சொன்னது நிஜம், இருந்தது.

நோட்டுப் புத்தகம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வழிகளைத் திறந்தவர் நோயில் விழுந்தால் அவருடைய பாறை அறிவு அவரோடு போகக் காத்திருக்கிறது. எந்த போல்ட்டை எந்த வருடம் அடித்தார், என்ன இரும்பு, எவ்வளவு ஆழம், எங்கே துளை போட்டு உதவாமல் விட்டார் என்பதெல்லாம் வேறு யாருக்கும் தெரியாது. என் நண்பன் ராமநகரத்துப் பக்கம் ஒரு சின்னப் பாறையில் ஆறு வழி திறந்திருந்தான். நானே அதில் நூறு முறையாவது தொங்கியிருப்பேன். அவன் கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு வாரத்தில் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். இரண்டாவது வழிக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"மூணாவது போல்ட்ட மாத்திரு. கையில காசில்லாதப்ப எஸ்.பி. ரோட்ல வாங்கி அடிச்சது. ஸ்டெயின்லெஸ் இல்ல, துத்தநாகப் பூச்சுதான்."

"பத்து வருஷமா சொல்லவே இல்லையேடா."

"யாரும் விழலையே."

பூச்சு போன இரும்பு துளைக்குள்ளே துரு ஏறும். வெளியே தெரியும் தலை பளபளவென்று இருக்கும். அடுத்த மாதம் அதைக் கழற்றினோம். தண்டு பாதியாகத் தேய்ந்திருந்தது. அன்றைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போகாமல் ஆரஞ்சு பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அந்த போல்ட் இன்னும் அங்கேதான் இருந்திருக்கும், மேலே பளபளத்துக்கொண்டு.

இப்படிக் கேட்பது நோயாளியைச் சாவை நோக்கித் தள்ளுவது ஆகாதா என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். ஆனால் அந்த வாரம்தான் அவன் நோயாளியாக இல்லாமல் ஏறுகிறவனாக இருந்தான். வரைபடத்தில் நான் பிடியைத் தப்பாகக் குறித்தபோது நல்ல வசவு விழுந்தது.

ஜெஃப் லோவ் என்ற அமெரிக்க ஏறியின் கடைசிக் காலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1991 குளிர்காலத்தில் ஐகர் மலையின் வடக்கு முகத்தில் போல்ட் இல்லாமல், தனி ஆளாக, ஒன்பது நாளில் ஒரு வழி ஏறினார். மெட்டனோயா என்று அதற்குப் பெயர். பிறகு நரம்பு நோயில் சக்கர நாற்காலிக்கு வந்து, பேச்சும் போனது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 2014-ல், அந்த ஏற்றத்தை வைத்து எடுத்த படம் வந்தது. இருபத்தைந்து வருடமாக யாராலும் திரும்ப ஏற முடியாத அந்த வழியை 2016 டிசம்பரில் தாமஸ் ஹூபர், ரோஜர் ஷேலி, ஸ்டீஃபன் சீக்ரிஸ்ட் மூவரும் ஏறினார்கள். லோவ் 2018 ஆகஸ்டில்தான் இறந்தார். நினைவுகூர்வதை அவர் இருக்கும்போதே தொடங்கினால் அவரும் கூட இருந்து பார்க்கலாம். வேண்டுமானால் திட்டலாம்.

போன பிறகு

முதல் பதினாறு நாள் குடும்பத்துக்கு உரியது. நீங்கள் அங்கே நாற்காலி தூக்கலாம், வண்டி ஓட்டலாம், தகவல் சொல்லலாம். உங்களுக்கும் அவனுக்கும் இருந்த உறவைப் பற்றி அங்கே பேருரை வேண்டாம். அவன் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன் பாறை ஏறுவான் என்பதே தெரியாது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். "ஞாயித்துக்கிழமை என்ன செய்வான் எங்க பிள்ள?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். மொபைலில் வீடியோவைக் காட்டினேன். தலைகீழாகத் தொங்கும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

சாம்பல் விஷயத்தில் நாங்கள் அவசரப்பட்டோம். ஒரு கைப்பிடி பாதாமிக்கு வேண்டும் என்று எங்களில் ஒருவர் சுடுகாட்டு வாசலிலேயே கேட்டுவிட்டார். அவன் அண்ணன் முடியாது என்று சொல்லிவிட்டு நடந்தார். எல்லாம் பாபநாசத்தில் தாமிரபரணியில் கரைந்தது. அவர் செய்தது சரி. கேட்க வேண்டுமானால் காரியம் முடிந்து, வீட்டில் மூத்தவர் ஒருவர் வழியாக, ஒரே ஒரு முறை கேளுங்கள். மறுத்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

பாறையில் கல்வெட்டு, தகடு, பெயின்ட் எதுவும் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. பாதாமியில் நீங்கள் ஏறும் பாறையின் அண்டையில் சாளுக்கியர் குடைந்த ஆறாம் நூற்றாண்டுக் குகைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெயரைச் செதுக்கினால் அது குற்றம். ராமநகரத்தில் ராமதேவர பெட்டா 2012-லிருந்து கழுகுச் சரணாலயம், அங்கே அடுக்கும் கல்லும் விடும் குப்பையும் பறவைக்கு இடைஞ்சல். சட்டத்தை விடுங்கள், ஏறுகிறவர்களின் மரபே இதற்கு எதிர். 1967-ல் அமெரிக்க ஏறி ராயல் ராபின்ஸும் அவர் மனைவி லிஸும் யோசெமிட்டியில் நட்கிராக்கர் என்ற வழியை ஆணி அடிக்காமலேயே ஏறினார்கள். பிளவுகளில் செருகி எடுக்கும் சின்ன உலோகக் கட்டைகளை மட்டும் வைத்துத்தான். ஏறிப் போனதற்கு அடையாளம் இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். 1978-ல் மூட்டு நோய் வந்து ராபின்ஸ் கடினமான ஏற்றங்களை விட்டுவிட்டு ஆற்றுப் படகுக்குப் போனார். 2017-ல் நோயில்தான் இறந்தார். நட்கிராக்கரில் இன்றைக்கும் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவரை நினைத்துத் தகடு அடித்தால் அவர் செய்த வேலையையே அழித்த மாதிரி ஆகும்.

பெயர் வைக்கலாம். ஆனால் இருக்கும் வழியின் பெயரை மாற்றாதீர்கள். அது திறந்தவருடைய உரிமை. புதிதாக ஒன்றைத் திறந்து வையுங்கள். அதிலும் "இன்னார் நினைவு வழி" என்று வைத்தால் பத்து வருடம் கழித்து வரும் பையனுக்கு அது பேருந்து நிழற்குடைப் பெயர் மாதிரித்தான் இருக்கும். அவனைத் தெரிந்தவர்கள் கேட்டதும் சிரிக்கும் பெயராக இருக்கட்டும். எங்கள் ஆள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கடலை மிட்டாய் கொண்டுவருவான். 2020-ல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று, தனக்கே விருது கிடைத்த மாதிரி எல்லோருக்கும் போன் போட்டான். மீதி உங்களுக்கே புரியும். ஆள் உயரத்தில் ஒரு உருண்டைக் கல், ஒரே நகர்வு, ஆனால் பல்லை உடைக்கும்.

நினைவுக் குறிப்பு எழுதும்போது எந்த வழி, எந்த வருடம், யாரோடு, எத்தனையாவது முயற்சியில் என்று எழுதுங்கள். "புற்றுநோயோடு வீரமாகப் போராடித் தோற்றான்" என்று எழுதாதீர்கள். அவனுக்குத் தோற்பது என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். பாதாமியில் ஒரே வழியில் நாற்பது முறை தோற்றிருக்கிறான், ஒவ்வொரு முறையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்தான். எலும்பு மஜ்ஜையில் நடந்தது அந்த வகை ஆட்டம் இல்லை.

மறுபடி கயிறு கட்டும் நாள்

இங்கே கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே சாகப் பார்த்தேன்.

அவன் போன ஆறாவது வாரம். அவன் திறந்த முதல் வழியில் அவனுக்காக ஏறுவது என்று முடிவு. குழுவின் பழைய நண்பர் ஒருவரும் நானும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு கயிறு கட்டினோம். எட்டு முடிச்சின் முதல் பாதியைப் போட்டு, கயிற்று நுனியை ஹார்னஸில் நுழைத்தேன். அப்போது அவனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தோம். நுனியைத் திரும்பப் பின்னாமலே பாறையில் கை வைத்துவிட்டேன். பெலே பிடிப்பவரும் பார்க்கவில்லை, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மீட்டர் ஏறியதும், ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த கல்லூரிப் பெண் "அண்ணா, முடிச்சு!" என்று கத்தினாள்.

உலகத்தின் தலைசிறந்த ஏறிகளில் ஒருவரான லின் ஹில்லுக்கே இது நடந்தது. 1989-ல் பிரான்சில் புவுக்ஸ் (Buoux) பாறையில், முடிக்காத முடிச்சோடு மேலே போய், கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். ஒரு மரம் தடுத்துக் காப்பாற்றியது. ராமநகரத்துப் பாறையடியில் மரம் கிடையாது.

ஆகவே முதல் நாள் மேலிருந்து கயிறு போட்டு, உங்களுக்குச் சர்வ சாதாரணமான வழியில் மட்டும் ஏறுங்கள். இறந்தவரைத் தெரியாத ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அழாத கண் ஒன்று வேண்டும். முடிச்சு, பக்கிள், பெலே கருவி, கேரபினர் பூட்டு நான்கையும் கையால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். கதை பேசுவதை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏறும் முன் என் நண்பன் எப்போதும் "புடிச்சாச்சா?" என்று கேட்பான். நான் "புடிச்சாச்சு" என்பேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லித் தருகிறோம். எனக்கு வாயில் தமிழ்தான் வருகிறது, அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

சாமான்கள்

மூன்று மாதம் கழித்து அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, ஒரு பை நெறைய இரும்பும் கயிறுமா கெடக்கு. யாருக்காச்சும் ஆகுமா?"

எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஹார்னஸ், ஸ்லிங் போன்ற துணிச் சாமான்களில் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். தொடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பொதுவாகப் பத்து வருடம்தான் அவற்றின் உச்ச ஆயுள். தேதி தாண்டியவற்றை அங்கேயே கத்தரித்துவிடுங்கள். முழுதாக விட்டால் யாராவது ஒரு மாணவன் எடுத்துப் போட்டுக்கொள்வான். கேரபினரில் கயிறு தேய்த்து ஒரு மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் ஓய்வுக்கு. மற்றவற்றைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எது உயரத்திலிருந்து விழுந்தது என்பது அவனுக்கு மட்டும் தெரியும், நாங்கள் அதைக் கேட்டு வைக்கவில்லை. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிளவுக்குள் விரிந்து பிடிக்கும் கருவிகள் நாலு இருந்தன. ரே ஜார்டின் கண்டுபிடித்து 1978-ல் விற்பனைக்கு வந்தபோது அவற்றுக்கு ஃப்ரெண்ட் என்று பெயர் வைத்தார்கள், இன்றைக்கும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவற்றின் துணி வாரை மாற்றித் தைத்தால் உலோகம் இன்னும் உழைக்கும். அவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஷூ யாருக்கும் ஆகாது. பாதத்தின் வடிவம் அதில் இறங்கியிருக்கும், நாற்றமும்தான். அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா வீட்டுக்குள்ள கொண்டு வராதேன்னு திட்டுவேன்" என்றார். அதை அவரிடமே விட்டுவந்தோம். ஷோனிங்கின் பனிக்கோடரி கொலராடோவின் கோல்டன் நகரத்து மலையேற்ற அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. இந்த ஷூ கோவில்பட்டியில் ஒரு பீரோவுக்கு மேலே இருக்கிறது.

கயிறு மிச்சம். 60 மீட்டர், பன்னிரண்டு வருடப் பழசு. யாரும் இனி அதில் தொங்கக் கூடாது. வெட்ட வேண்டிய இடத்தில் டேப் சுற்றி, சூடு காட்டிய கத்தியால் வெட்டுங்கள். நைலான் உருகி நுனி பிரியாமல் நிற்கும். முடிச்சுப் பழக ஆளுக்கு மூன்று மீட்டர் எடுத்துக்கொண்டோம். "எனக்குத் துணி காயப்போடக் கொஞ்சம் குடு தம்பி" என்றார் அம்மா. மாடியில் இரண்டு கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ஏறும் கயிறு நீள்வதற்கென்றே செய்தது. 80 கிலோ தொங்கினால் நூற்றுக்குப் பத்து வரை நீளலாம், நனைந்தால் இன்னும் இளகும். ஈரச் சேலை இரண்டு போட்டாலே நடுவில் தொய்ந்து தரையைத் தொடும். கொடியாகக் கட்டுவதென்றால் நடுவில் ஒரு கவட்டைக் கம்பு முட்டுக் கொடுங்கள். நான் கொடுக்க மறந்தேன். போன பொங்கலுக்குப் போனபோது அம்மாவே வேப்பங்கவட்டை ஒன்றை நட்டு வைத்திருந்தார்.